சார்லி பார்க்கர்: 3,278 விக்கெட்டுகள், ஒரே ஒரு டெஸ்ட் – காரணம் என்ன?

வைகைக்கரை கேட்டது:

முதல்தரக் கிரிக்கெட்டில் அதிக விக்கெட் எடுத்தவர்களின் பட்டியலில் முதல் மூன்று இடங்களிலும் இங்கிலாந்துக் கவுண்டி (மாவட்ட) அணிகளின் ஆட்டக்காரர்களே இருக்கிறார்கள். யார்க்‌ஷயரின் வில்ஃப்ரெட் ரோட்ஸ் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளுடன் முதலிடத்தில் நிற்கிறார். கென்ட் அணியின் டிச் ஃப்ரீமன் 3,776 விக்கெட்டுகளும், குளோஸ்டர்ஷயர் அணியின் சார்லி பார்க்கர் 3,278 விக்கெட்டுகளும் எடுத்திருக்கிறார்கள். ஆனால் ரோட்ஸ் 58 டெஸ்டுகள் ஆடியிருக்க, ஃப்ரீமன் 12 டெஸ்டுகளில் ஆடியிருக்க, பார்க்கருக்கு வாய்த்தது 1921இல் ஒரே ஒரு டெஸ்ட் மட்டுமே.

தேர்வுக்குழுத் தலைவர் பெல்ஹாம் வார்னருடன் அவருக்குப் பகை இருந்ததாகவும், ஒரு விடுதியின் மின்தூக்கியில் இருவரும் மோதிக்கொண்டதாகவும், அதனாலேயே அவர் ஒதுக்கப்பட்டதாகவும் பல இடங்களில் படித்தேன். ஒரு கைகலப்பு இவ்வளவு பெரிய புறக்கணிப்பை விளக்கிவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் எப்படிப்பட்ட பந்துவீச்சாளர், அந்த ஒரே டெஸ்டில் எப்படி வீசினார், இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட அந்தக் காலத்தில் கவுண்டித் தொழில்முறை ஆட்டக்காரரின் நிலைமை என்னவாக இருந்தது என்பதை அறிந்தவர்கள் சற்று விரிவாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

பழைய ஸ்கோர்புத்தகம் எழுதியது:

பார்க்கரின் வாழ்க்கையில் முதலில் கவனிக்க வேண்டியது வயது. அவர் 1882 அக்டோபரில் செல்ட்டனம் நகரை ஒட்டிய பிரெஸ்ட்பரி கிராமத்தில் பிறந்தார். குளோஸ்டர்ஷயருக்காக முதல் ஆட்டம் ஆடியது 1903இல். அந்த அணியில் அப்போது ஜார்ஜ் டென்னட் என்ற மிகச் சிறந்த இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் இருந்ததால், பார்க்கர் மிதவேகமாகவே வீசி இரண்டாம் நிலையில் இருந்தார். முதல் உலகப் போர் தொடங்கும் வரை எந்தப் பருவத்திலும் அவர் 100 விக்கெட்டுகளை எட்டவில்லை. போர் முடிந்து 1919இல் ஆட்டம் மீண்டும் தொடங்கியபோதுதான் அவர் வேகத்தைக் குறைத்துக்கொண்டு முழுமையான சுழற்பந்து வீச்சாளராக மாறினார். அப்போது அவருக்கு வயது 36.

பலரும் ஓய்வைப் பற்றி யோசிக்கத் தொடங்கும் அந்த வயதில் அவருடைய உண்மையான ஆட்டவாழ்வு தொடங்கியது. 1920 முதல் 1935 வரை தொடர்ந்து 16 பருவங்களில் 100 விக்கெட்டுகளுக்கு மேல் எடுத்தார். அவற்றில் 1922, 1924, 1925, 1926, 1931 ஆகிய ஐந்து பருவங்களில் 200ஐத் தாண்டினார். 1931இல் 48 வயதில் ஜூன் 12ஆம் தேதிக்குள் 100 விக்கெட்டுகளை முடித்து, 1896இல் ஜே. டி. ஹேர்ன் படைத்திருந்த சாதனையைச் சமன் செய்தார்.

அவர் பந்து வீசிய ஆடுகளங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அக்காலத்தில் ஆட்டம் தொடங்கிய பிறகு மழை பெய்தால் கவுண்டி ஆடுகளத்தை இன்றுபோல் முழுவதும் மூடி வைக்கமாட்டார்கள். நனைந்த மண்ணின் மேற்பரப்பு வெயிலில் காயும்போது, அடியில் ஈரமும் மேலே மெல்லிய ஓடுமாக ஒரு நிலை வரும். அதில் விழும் பந்து மண்ணைப் பற்றிக்கொண்டு கூர்மையாகத் திரும்பும், சில பந்துகள் நெஞ்சளவுக்கு எழும்பும். வலக்கை மட்டையாளரிடமிருந்து விலகித் திரும்பும் பார்க்கரின் பந்துக்கு இதைவிடப் பொருத்தமான களம் கிடையாது. ஸ்லிப்பில் நின்றவர் வால்டர் ஹேமண்ட் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 1928 பருவத்தில் ஹேமண்ட் 78 கேட்சுகள் பிடித்தது இன்றளவும் சாதனையாக நிற்கிறது. அதில் பார்க்கரின் பந்துகளுக்குக் கணிசமான பங்கு உண்டு.

அவருடைய பெரிய நாள்கள் பல. 1921இல் பிரிஸ்டலில் சோமர்செட்டின் பத்து விக்கெட்டுகளையும் 79 ரன்களுக்கு எடுத்தார். 1925இல் குளோஸ்டர் நகரில் எசெக்ஸ் அணிக்கு எதிராக 44 ரன்களுக்கு 9, பிறகு 12 ரன்களுக்கு 8, ஆக 56 ரன்களுக்கு 17 விக்கெட்டுகள். ஆனால் என் மனத்துக்கு மிகவும் நெருக்கமானது 1922இல் யார்க்‌ஷயருக்கு எதிராகப் பிரிஸ்டலில் நடந்த அவருடைய நிதியுதவி ஆட்டம், அதாவது வசூல் அவருக்கே சேரும் ஆட்டம். அதில் அவர் அடுத்தடுத்து வீசிய ஐந்து பந்துகள் ஸ்டம்பைத் தகர்த்தன. இரண்டாவது பந்து நோ பால் என அறிவிக்கப்பட்டதால் அது மட்டும் கணக்கில் வரவில்லை. அந்த நோ பாலுக்குப் பின் எந்தத் தளர்வும் இல்லாமல் அடுத்த மூன்று பந்துகளையும் ஸ்டம்பில் வீசி ஹாட்ரிக் எடுத்த மனிதரை நினைக்கும்போது எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது. அந்த இன்னிங்ஸில் அவர் எடுத்தது 36 ரன்களுக்கு 9 விக்கெட்டுகள்.

1924இல் மிடில்செக்ஸுக்கு எதிரான ஆட்டத்தையும் விட்டுவிட முடியாது. குளோஸ்டர்ஷயர் முதல் இன்னிங்ஸில் 31 ரன்களுக்குச் சுருண்டது. பார்க்கர் ஒரு ஹாட்ரிக்குடன் எதிரணியை 74க்குள் அடக்க, 21 வயது ஹேமண்ட் ஆட்டமிழக்காமல் 174 அடிக்க, இரண்டாம் இன்னிங்ஸிலும் பார்க்கர் இன்னொரு ஹாட்ரிக் எடுத்து அணியை வெற்றிபெறச் செய்தார்.

இனி அந்த ஒரே டெஸ்ட். 1921 ஜூலை, ஓல்ட் டிராஃபோர்ட், ஆர்ம்ஸ்ட்ராங்கின் ஆஸ்திரேலிய அணிக்கு எதிரான நான்காவது டெஸ்ட். மூன்று நாள் ஆட்டத்தில் முதல் நாள் முழுவதும் மழையில் போயிற்று. எஞ்சிய நேரத்தில் ஆஸ்திரேலியா டிராவுக்காகவே ஆடியது. ஹெர்பி காலின்ஸ் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் நின்று 40 ரன்கள் எடுத்தார். பார்க்கர் 28 ஓவர்கள் வீசி 32 ரன்களுக்கு 2 விக்கெட்டுகள் எடுத்தார். விக்கெட்டைக் காத்துக்கொள்வதை மட்டுமே நோக்கமாகக் கொண்ட அணிக்கு எதிராக இது எந்த வகையிலும் தோல்வி அல்ல. எனினும் அடுத்த டெஸ்டில் அவர் இல்லை. அதன்பின் எந்த டெஸ்டிலும் இல்லை.

மழைக்களம் எழுதியது:

மேலே உள்ள பதிலுக்கு நன்றி. கேள்வியின் மையம் 1926 ஹெடிங்லி டெஸ்டில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. ஆகவே அந்தக் காலைப்பொழுதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம்.

ஆஸ்திரேலியாவுக்கு எதிரான மூன்றாவது டெஸ்ட் அது. மழையால் ஆடுகளம் ஈரமாக இருந்தது. அழைக்கப்பட்டிருந்த வீரர்களில் பார்க்கரும் ஒருவர். அன்று காலை இறுதிப் பதினொருவரைத் தேர்ந்தெடுத்தபோது அவரை வெளியே வைத்தார்கள். அதன்பின் டாஸ் வென்ற தலைவர் ஆர்தர் கார், ஈரக் களத்தை நம்பி எதிரணியை மட்டைபிடிக்க அழைத்தார். இந்த இரண்டு முடிவுகளும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. களம் காயக் காயப் பந்து திரும்பும் என்று நம்பித்தான் எதிரணியை முதலில் ஆடவைக்கிறீர்கள் என்றால், அப்படிப்பட்ட களங்களில் நாட்டிலேயே அதிக விக்கெட் எடுத்துக்கொண்டிருந்தவரைப் பார்வையாளராக உட்கார வைத்தது ஏன்?

மாரிஸ் டேட் வீசிய முதல் பந்திலேயே பார்ட்ஸ்லி ஆட்டமிழந்தார். அடுத்து வந்த சார்லி மெக்கார்ட்னி 2 ரன்களில் இருந்தபோது கொடுத்த கேட்சை ஸ்லிப்பில் நின்ற கார் தவறவிட்டார். மதிய உணவு இடைவேளைக்கு முன்பே மெக்கார்ட்னி சதத்தைக் கடந்து 112இல் இருந்தார். 151 ரன்கள் எடுத்த பின்தான் வெளியேறினார். வுட்ஃபுல்லும் ரிச்சர்ட்சனும் சதமடிக்க, ஆஸ்திரேலியாவின் மொத்தம் 494 ஆயிற்று. இங்கிலாந்து ஃபாலோ ஆன் வாங்கியது. கடைசியில் டிரா செய்து தப்பித்தது.

மெக்கார்ட்னி அன்று ஆடிய விதத்தில் எந்தப் பந்துவீச்சாளராக இருந்தாலும் அடி வாங்கியிருப்பார் என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். ஆனால் பார்க்கர் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது அல்ல என் வாதம். அவரைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இருந்த ஒரே நாளில் அவரைத் தவிர்த்தார்கள் என்பதே வாதம். 1923இல் விஸ்டன் ஆண்டு மலர் தேர்ந்தெடுத்த அவ்வாண்டின் ஐந்து கிரிக்கெட் வீரர்களில் காரும் பார்க்கரும் சேர்ந்தே இருந்தார்கள். ஆகவே பார்க்கரின் திறமையைக் கார் அறியாதவர் என்று சொல்ல இடமே இல்லை.

நெடுங்கணக்கு எழுதியது:

மழைக்களம் ஐயாவின் பதிலை மதிக்கிறேன். ஆனால் மறுபக்கத்தையும் வைக்க வேண்டியிருக்கிறது.

ஹெடிங்லியில் ஆடிய பதினொருவரில் ராய் கில்னர், ஃபிராங்க் வூலி ஆகிய இருவர் இருந்தார்கள். இருவருமே இடக்கை மெதுபந்து வீச்சாளர்கள். இருவருமே மட்டைபிடிக்கத் தெரிந்தவர்கள். வூலி அந்தக் காலத்தின் மிகச் சிறந்த மட்டையாளர்களில் ஒருவர். பார்க்கரோ தம் ஆட்டவாழ்வு முழுவதும் சராசரியாக 10 ரன்களை ஒட்டியே எடுத்தவர். களத்தடுப்பிலும் வேகம் இல்லாதவர் என்ற பேச்சு இருந்தது. மூன்றாவதாக ஓர் இடக்கைப் பந்துவீச்சாளரைச் சேர்க்கத் தயங்கியது தவறாக இருக்கலாம். ஆனால் அதற்குப் பின்னால் சதி இருந்தது என்று சொல்ல இதுவே சான்றாகிவிடாது.

அதே ஆண்டு ஓவல் மைதானத்தில் நடந்த கடைசி டெஸ்டுக்கு 48 வயது ரோட்ஸை மீண்டும் அழைத்தார்கள். அவர் இரண்டாம் இன்னிங்ஸில் 44 ரன்களுக்கு 4 விக்கெட்டுகள் எடுக்க, ஆஷஸ் கோப்பை இங்கிலாந்துக்குத் திரும்பியது. அந்தத் தேர்வைப் பிழை என்று யாரும் சொல்ல முடியாது. 1928–29 ஆஸ்திரேலியப் பயணத்துக்குச் சோமர்செட்டின் ஜாக் வைட் சென்றார். அவர் பந்து அதிகம் திரும்பாது. ஆனால் ஆஸ்திரேலியாவின் இறுகிய களங்களில் நாள் முழுக்க ஒரே இடத்தில் பந்தை விழச் செய்யும் பொறுமை அவரிடம் இருந்தது. அடிலெய்ட் டெஸ்டில் மட்டும் 124 ஓவர்களுக்கு மேல் வீசி 13 விக்கெட்டுகள் எடுத்தார். பார்க்கரின் ஆயுதம் மழைக்குப் பிந்தைய களம். அந்தக் களம் ஆஸ்திரேலியாவில் எப்போதாவதுதான் கிடைக்கும் என்று தேர்வாளர்கள் கணக்கிட்டிருந்தால் அதில் நியாயம் இருக்கிறது.

1921இலேயே அவருக்கு 38 வயது என்பதையும் மறக்கக்கூடாது. அவருக்கு எதிராக வேலை செய்தவற்றில் காலமும் ஒன்று.

கல்லூரிச்சாலை எழுதியது:

நெடுங்கணக்கு சொல்வது ரோட்ஸ், வைட் விஷயத்தில் சரி. ஆனால் 1921 முதல் 1930 வரை உள்நாட்டில் நடந்த டெஸ்டுகளில் ஈரக் களங்கள் பலமுறை வந்திருக்கின்றன. வயது ஒரு தடை என்றால் 48 வயது ரோட்ஸுக்கும் அது தடையாக இருந்திருக்க வேண்டும். ஆகவே ஆட்டத் திறமைக்கு வெளியேயும் ஏதோ இருந்திருக்கிறது என்பதை ஒதுக்கிவிட முடியாது. அதை வார்னர் என்ற ஒரு மனிதரின் கோபமாகச் சுருக்குவதும் பிழை. அந்தக் காலத்தின் அமைப்பையே பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தில் அன்று ஆட்டக்காரர்கள் இரண்டு வகுப்பினராகப் பிரிக்கப்பட்டிருந்தார்கள். ஊதியம் பெறாமல் ஆடுபவர்கள் ‘ஜென்டில்மேன்’. கூலிக்கு ஆடுபவர்கள் ‘பிளேயர்’. பல மைதானங்களில் இரு வகுப்பினருக்கும் உடைமாற்றும் அறை வேறு, களத்துக்குள் வரும் வாசல் வேறு. ஆட்ட அட்டையில் அச்சிடும்போது ஊதியம் பெறாதவரின் முதலெழுத்து பெயருக்கு முன்னால் வரும். தொழில்முறை ஆட்டக்காரருக்குப் பின்னால் போகும், அல்லது வராமலே போகும். அணித் தலைமை முதல் வகுப்பினருக்கே உரியது. மேலே குறிப்பிடப்பட்ட ஜாக் வைட் ஊதியம் பெறாத ஆட்டக்காரர், பார்க்கர் பெற்றவர்.

இந்த அமைப்பில் ஒரு தொழில்முறை ஆட்டக்காரர் வாய்திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு லங்காஷயரின் செசில் பார்க்கின் சான்று. 1924இல் எட்ஜ்பாஸ்டன் டெஸ்டில் தமக்கு உரிய அளவு பந்துவீச வாய்ப்புத் தரவில்லை என்று தலைவர் ஆர்தர் கில்லிகனைக் குறைசொல்லி அவர் பெயரில் ஒரு செய்தித்தாள் கட்டுரை வந்தது. அதன்பின் அவர் இங்கிலாந்துக்கு ஆடவே இல்லை. 1925இல் பார்க்கின் மீண்டும் எழுதியபோது, எந்தத் தொழில்முறை ஆட்டக்காரரும் இங்கிலாந்துக்குத் தலைவராகாமல் இருக்கக் கடவுளை வேண்டுகிறேன் என்ற பொருளில், யார்க்ஷயர் அணியின் முன்னாள் தலைவர் லார்ட் ஹாக் பேசினார். இதே ஹாக்தான் யார்க்‌ஷயரின் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குக் குளிர்காலத்திலும் ஊதியம் கிடைக்க வழிசெய்தவர். தம் கீழ் இருப்பவர்களின் வயிற்றைப் பற்றி மனமாரக் கவலைப்பட்டவர், அவர்கள் தமக்குச் சமமாக நிற்பதை மட்டும் ஏற்கவில்லை. அந்த அமைப்பின் மனநிலை முழுவதும் இந்த ஒரு மனிதரிடம் தெரிகிறது.

பார்க்கர் எதையும் மனத்தில் வைத்துக்கொண்டு பணிவாக நிற்கும் இயல்பினர் அல்ல. இடதுசாரிக் கருத்துகளை மறைக்காமல் பேசியவர், நிறையப் படித்தவர், தம் உரிமையை அறிந்தவர். மின்தூக்கிச் சம்பவம் சக ஆட்டக்காரர்கள் வழியாகப் பின்னாளில் வெளிவந்தது. பிரிஸ்டலில் ஒரு விருந்துக்குப் பிறகு, வார்னருக்கு வழிவிடுமாறு மின்தூக்கிப் பணியாளர் சொன்னபோது, பார்க்கர் வார்னரின் சட்டையைப் பிடித்து, ஹெடிங்லியில் தம்மைத் தவிர்த்ததற்காகக் கடுஞ்சொற்களைக் கொட்டினார் என்பதே அதன் சாரம். அருகிலிருந்தவர்கள் சமாதானப்படுத்தி அழைத்துச் சென்றார்கள். கவனியுங்கள்: ஹெடிங்லிப் புறக்கணிப்புக்கான கோபம் அது என்றால், அது ஹெடிங்லிக்குப் பின்னால் நடந்திருக்க வேண்டும். அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுப் புறக்கணிப்புக்கு அது காரணமாக இருக்க முடியாது. வார்னர் தேர்வுக்குழுத் தலைவராக வந்ததே 1926இல்தான்.

வைகைக்கரை எழுதியது:

நால்வருக்கும் நன்றி. மின்தூக்கிச் சம்பவம் காரணமல்ல, விளைவு என்பது தெளிவாகிவிட்டது. டெஸ்ட் வாய்ப்பு இல்லாத தொழில்முறை ஆட்டக்காரருக்குக் கவுண்டி ஆட்டம் எதைக் கொடுத்தது என்று இன்னும் சற்று அறிய விரும்புகிறேன். 1930இல் ஆஸ்திரேலியருக்கு எதிராக அவர் எடுத்த விக்கெட்டுகளைப் பற்றியும் யாராவது எழுதினால் மகிழ்வேன்.

பழைய ஸ்கோர்புத்தகம் எழுதியது:

மே முதல் செப்டம்பர் தொடக்கம் வரை வாரத்தில் ஆறு நாள் ஆட்டம். மூன்று நாள் ஆட்டம் ஒன்று முடிந்த மாலையே ரயிலேறி அடுத்த ஊருக்குப் போய், மறுநாள் காலை மீண்டும் பந்தெடுக்க வேண்டும். ஒரு பருவத்தில் ஏறத்தாழ 30 ஆட்டங்கள். குளிர்காலத்தில் பல கவுண்டிகள் ஊதியம் தருவதில்லை. கிடைத்த வேலையைச் செய்துகொள்ள வேண்டியதுதான். குளோஸ்டர்ஷயர் செல்வமுள்ள கவுண்டி அல்ல. போர்க்காலத்தில் பிரிஸ்டல் ஆஷ்லி டவுன் மைதானத்தையே ஃப்ரை சாக்லேட் நிறுவனத்துக்கு விற்று, பிறகு 1930களில்தான் மீட்டது.

இந்நிலையில் ஒரு தொழில்முறை ஆட்டக்காரரின் முதுமைக்கு இருந்த ஒரே பெரிய நம்பிக்கை நிதியுதவி ஆட்டம். அன்றைய நுழைவுக் கட்டணமும் வசூலும் அவருக்குச் சேரும். மழை வந்தால் போயிற்று. அந்தத் தொகைக்கு வருமான வரி உண்டா என்ற வழக்கு கென்ட் அணியின் ஜேம்ஸ் சீமோர் பெயரில் பிரபுக்கள் அவை வரை போய், அது ஊதியமல்ல, அன்பளிப்பே என்று 1927இல் தீர்ப்பானது. வரி இல்லை என்ற அந்தத் தீர்ப்பு ஒவ்வொரு கவுண்டி ஆட்டக்காரரின் வீட்டிலும் நிம்மதியைத் தந்திருக்கும்.

1930 ஆகஸ்டில் பிரிஸ்டலில் நடந்த ஆட்டம் பார்க்கரின் வாழ்வில் மிக உயர்ந்த இடம் என்று நான் கருதுகிறேன். பிராட்மன் உள்ளிட்ட ஆஸ்திரேலிய அணி ஆஷஸ் தொடரை வென்றுவிட்டு வந்திருந்தது. குளோஸ்டர்ஷயர் 72க்குள் சுருண்டது, ஆஸ்திரேலியர் 157, இரண்டாம் இன்னிங்ஸில் குளோஸ்டர்ஷயர் 202. வெற்றிக்கு 118 தேவை. விக்கெட் இழப்பின்றி 59 வரை போன அணி, பார்க்கரும் டாம் காடர்டும் இரு முனைகளிலிருந்தும் இடைவிடாமல் வீச, 117இல் முடிந்தது. கடைசி விக்கெட்டான ஹார்னிப்ரூக்கைக் காடர்ட் எல்பிடபிள்யூ செய்தார். ஆட்டம் டை ஆனது. பார்க்கர் 54 ரன்களுக்கு 7 விக்கெட்டுகள். அப்போது அவருக்கு வயது 47. டெஸ்ட் தகுதி இல்லை என்று ஒதுக்கப்பட்டவர், டெஸ்ட் தொடரை வென்ற அணியின் மட்டையாளர்களையே இப்படி வீழ்த்தினார். தேர்வாளர்களுக்கு இதைவிடத் தெளிவான பதிலை யாரும் எழுதித் தந்துவிட முடியாது.

காடர்டைப் பற்றியும் ஒரு சொல். வேகப்பந்து வீச்சாளராகத் தொடங்கிச் சோபிக்காமல் கவுண்டியை விட்டுப் போன அவர், 1929இல் ஆஃப் ஸ்பின்னராகத் திரும்பிவந்து அதே பருவத்தில் 184 விக்கெட்டுகள் எடுத்தார். ஒரு முனையில் பந்து வெளியே திரும்ப, மறுமுனையில் உள்ளே திரும்ப, 1930, 1931 இரண்டு பருவங்களிலும் குளோஸ்டர்ஷயர் இரண்டாம் இடம் பிடித்தது. காடர்ட் 2,979 விக்கெட்டுகளுடன் ஓய்வு பெற்றார். ஆடிய டெஸ்டுகள் 8. பார்க்கருக்கு முந்தைய டென்னட் 2,100க்கும் மேல் எடுத்தும் டெஸ்டே ஆடவில்லை. ஒரே கவுண்டியின் மூன்று சுழற்பந்து வீச்சாளர்கள் சேர்ந்து எடுத்தவை 8,000க்கும் மேற்பட்ட விக்கெட்டுகள். மூவருக்கும் சேர்த்துக் கிடைத்தவை 9 டெஸ்டுகள். லண்டனிலிருந்து பார்ப்பவர்களுக்கு மேற்கு மூலையில் இருந்த இந்தக் கவுண்டியின் பந்துவீச்சு சரியாகத் தெரியவில்லை என்ற முடிவுக்கு நான் வருகிறேன். வார்னரும் வகுப்புப் பிரிவும் அதற்கு மேல் சேர்ந்த சுமைகள்.

1935 பருவத்துடன் பார்க்கர் ஆட்டத்தை முடித்துக்கொண்டார். பிறகு நடுவராக இருந்தார். சர்ரேயின் கிரான்லி பள்ளியில் பயிற்சியாளராகப் பணியாற்றினார். அந்த ஊரிலேயே 1959 ஜூலையில், 76ஆம் வயதில் காலமானார்.